தூங்கும் நேரத்துப் பால்

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் பெடாஸ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் இருந்தோம். பிறந்த நாலாம் மாதத்தில் என் மகன் பகலில் நெடுநேரம் தூங்கப் பழகினான். அவன் தூங்கத் தூங்க எனக்குப் பால் கட்டி மார்பு கல்லாகிவிடும். பீச்சிக் கீழே விடுவேன், அதுவும் வலிக்கும்.

அப்போதுதான் ஒரு சீனப் பெண் எங்கள் லயத்து வீட்டின் பின்பக்கம் வந்து நின்றாள். முழங்கால்வரை சேறு, முதுகில் துணியால் கட்டிய கைப்பிள்ளை. ஜப்பான்காரனுக்குப் பயந்து சீனர்கள் காட்டுக்குள் ஒளிந்திருந்த நேரம். அவளுக்குப் பால் வற்றிவிட்டிருந்தது.

"அக்கா, ஒங்க புள்ள தூங்குதா?"

தோட்டத்துத் தமிழ் அவளுக்கு வரும். எப்போது வந்தாலும் முதலில் அதைத்தான் கேட்பாள். அவன் விழித்திருந்தால் திரும்பிவிடுவாள், கூப்பிட்டாலும் நிற்கமாட்டாள். தூங்கினால் மட்டும் தன் பிள்ளையை என் மடியில் வைப்பாள். அது குடிக்கக் குடிக்க என் வலி இறங்கும். எனக்கும் பால் குறையாமல் ஊறியது.

பிள்ளையைக் கழுத்துவரை துணியால் இறுக்கிச் சுற்றியிருப்பாள். ஒருநாள் சொன்னேன்: "கொஞ்சம் அவுத்து விடேன், வேர்க்குது பாரு."

"வேணாம்லா அக்கா. அவுத்தா அழும். அழுதா ஜப்பான்காரனுக்குக் கேக்கும்."

மழை தொடங்கியபின் அவள் வரவில்லை. அந்த நேரம் வந்தால் பால் மட்டும் தானாகச் சுரந்து ரவிக்கையை நனைக்கும். என் மகன் தூங்கிக்கொண்டிருப்பான்.

அத்தனை நாள் என் பாலைக் குடித்த பிள்ளை அது. ஆணா பெண்ணா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.