போகச் சொன்னது யார்

என் தாய்மாமா நடுரோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றால் நிற்காத வண்டி கிடையாது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றுகிற டெம்போ அவருடையது. தென்காசிக்கும் ஆலங்குளத்துக்கும் நடுவில் யாராவது அடிபட்டுக் கிடந்தால், தன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்குவார். தோளில் கிடக்கும் சிவப்புத் துண்டை இரண்டு கைகளிலும் அகல விரித்துப் பிடித்து, வருகிற வண்டியை மறிப்பார். பஸ்ஸை மறித்திருக்கிறார். யாரோ ஒரு அதிகாரியின் ஜீப்பை மறித்திருக்கிறார். ஒரு தடவை கல்யாணக் காரை மறித்து, மாப்பிள்ளையை முன்சீட்டுக்கு மாற்றிவிட்டு, மண்டை உடைந்த ஒருவரைப் பின்சீட்டில் படுக்க வைத்தார். முகூர்த்தம் தவறிவிட்டதா என்று கேட்டால், "மாப்பிள்ள தங்கமான பையன், ஒண்ணும் சொல்லல" என்பார். கேட்டதற்கு அது பதில் இல்லை.

நோயாளியோடு போய்க்கொண்டிருந்த ஆம்புலன்சையும் ஒருமுறை மறித்திருக்கிறார். ஆள் கிடக்கிறான் என்று போன் போட்டிருந்தார்களாம். வந்தது தங்களுக்கான வண்டி என்று நினைத்துக் கூட்டமாகப் போய்ப் பின்கதவைத் திறந்தால், உள்ளே வேறு யாரோ ஒரு பெரியவர் படுத்திருந்தாராம். அவருடைய மகள் வாய்க்கு வந்தபடி ஏசினாளாம். அதற்காக மாமா பின்வாங்கிவிடவில்லை. இரண்டு பேரையும் ஏற்றித்தான் அனுப்பினார். இதை எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து பெருமையாகச் சொன்னபோது அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏலே, உள்ள இருந்த பொம்பளைக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சியா?"

"உசுருல என்னக்கா பெருசு சிறுசு? நிக்காமப் போறவன் மனுசனா?"

நான் மாமா கட்சி. அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் அவரவர் அப்பாவைப் பற்றிப் பேசும்போது நான் மாமாவைப் பற்றிப் பேசுவேன். என் அப்பா ராணுவத்தில் இருந்தார். வருஷத்துக்கு ஒரு மாதம் வருகிறவரைப் பற்றிப் பேச என்னிடம் அதிகம் இருக்கவில்லை.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருஷம், ஆடி மாதம் அம்மாவைப் பாம்பு கடித்தது. எங்கள் வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் இருந்தது. சீசன் நேரம். வாசலில் வேனும் காருமாக அருவிக்குப் போகிற கூட்டம் ஊர்ந்துகொண்டிருந்தது. சாரல் வந்து நனைத்துவிடும் என்று, பின்பக்கம் கிடந்த தென்னை ஓலைகளை அம்மா அவசரமாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஓலைக்கடியில் நல்ல பாம்பு. அம்மா கத்தக்கூட இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்து, "மாமாவுக்குப் போன் போடு" என்றாள்.

மாமா வந்து தூக்கிக்கொண்டு போனார், தென்காசி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். ஆனால் அம்மாவின் கண்ணிமைகள் தாமாகக் கீழே இறங்கின. கூப்பிட்டால் புருவத்தை மட்டும் தூக்கினாள், இமை மேலே வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மூச்சும் குறைந்தது. தொண்டைக்குள் குழாய் வைத்து, உடனே திருநெல்வேலி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று ஆம்புலன்சில் ஏற்றினார்கள். என்னைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. நான் மாமாவின் சட்டையைப் பிடித்த பிடியை விடுவதாகவும் இல்லை. என்னையும் தூக்கி உள்ளே போட்டுக்கொண்டார்.

வண்டிக்குள் ஒரு சிஸ்டர் இருந்தார். சின்ன வயதுதான். அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, குழாயில் மாட்டியிருந்த ரப்பர் பையை அமுக்கிக்கொண்டே வந்தார். அமுக்கினால் அம்மாவின் நெஞ்சு எழும்பும், விட்டால் இறங்கும். அம்மாவுக்கு இப்போது மூச்சு என்பது அந்த அக்காவின் கைதான் என்று எனக்கே புரிந்துவிட்டது. அவர் மூக்கைச் சொறியக் கையை எடுத்துவிடுவாரோ, தும்முவாரோ என்றெல்லாம் பயந்து அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த தடவை அமுக்கும்வரை நானும் மூச்சுவிடவில்லை. மாமா அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, பாவூர்சத்திரம் தாண்டியாச்சு. இந்தா ஆலங்குளம் வருது" என்று வழி சொல்லிக்கொண்டே வந்தார். அம்மாவுக்குக் கேட்டதா என்று தெரியாது.

ஆலங்குளத்துக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி வேகம் குறைந்தது. டிரைவர் தன் சீட்டுக்குப் பின்னால் இருந்த தடுப்புக் கண்ணாடியைத் தள்ளித் திறந்தார்.

"அண்ணாச்சி, ஒரு ஆள் அடிபட்டுக் கெடக்கான். மறிக்காங்க."

மாமா எழுந்து எட்டிப் பார்த்தார். நானும் அவர் கைக்கிடுக்கு வழியாகப் பார்த்தேன். ரோடு பூராவும் கத்திரிக்காய் சிதறிக் கிடந்தது. ஒரு மொபெட் சாய்ந்து கிடந்தது, பக்கத்தில் வேட்டி கட்டிய ஒருவர் குப்புறக் கிடந்தார். நடுரோட்டில் ஒருவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். அவர் கையிலும் ஒரு துண்டு இருந்தது.

"நிப்பாட்டினா கதவத் தொறந்துருவாங்க" என்றார் சிஸ்டர். "ஏத்தச் சொல்லுவாங்க, சண்ட போடுவாங்க. நான் கைய எடுக்க முடியாது அண்ணாச்சி. எடுத்தா அக்காவுக்கு மூச்சு கெடையாது." பிறகு டிரைவரிடம், "அடுத்த வண்டிக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

"சொல்லியாச்சு. ஆலங்குளத்துலேர்ந்து வருதாம். பதினைஞ்சு நிமிசம் ஆவும்னு சொல்லுதாங்க."

மாமா இன்னும் வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம மார்க்கெட்டுக்கு வார ஆளு" என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு சட்டென்று அம்மாவின் காலை விட்டுவிட்டுப் பின்கதவுக்கு நகர்ந்தார். "தம்பி, கொஞ்சம் மெதுவாக்குங்க. நான் மட்டும் குதிச்சுக்கிடுதேன். அந்த ஆளப் புரட்டிப் போட்டு ரத்தத்தக் கட்டிட்டா, அந்த வண்டி வாரதுவரைக்கும் தாங்கும். கதவ நான் வெளியேருந்து சாத்திருதேன். நீங்க போய்க்கிட்டே இருங்க."

அவர் கை கதவின் பிடியில் இருந்தது. வண்டி இன்னும் மெதுவானது. வெளியே ஆட்கள் ஓடி வருகிற சத்தம் கேட்டது. நான் எழுந்து மாமாவின் சட்டையை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தேன்.

"எறங்காத மாமா. வண்டிய நிப்பாட்டாத. அந்த ஆள் செத்தாச் சாவட்டும். எங்கம்மா சாவக்கூடாது."

இதைச் சொன்னது நான்தான். இன்றைக்கும் என் குரல் எனக்குக் கேட்கிறது.

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். சிஸ்டர் பையை அமுக்கினார், விட்டார், மறுபடி அமுக்கினார். மாமாவின் கை பிடியிலிருந்து இறங்கியது. "போங்க தம்பி" என்றார். டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டு ஓரமாக ஒடித்தார். யாரோ வண்டியின் பக்கவாட்டில் ஓங்கி அறைந்தார்கள். பின்கண்ணாடி வழியாக, துண்டு பிடித்த ஆள் கையை மடக்காமல் அப்படியே நிற்பது தெரிந்தது. மாமா தன் துண்டை எடுத்து அந்தக் கண்ணாடியில் செருகி மறைத்தார். திருநெல்வேலி போகும்வரை அவர் வழி சொல்லவே இல்லை.

அம்மா பிழைத்துக்கொண்டாள். நாலு நாள் மிஷினில் இருந்தாள், பத்தாவது நாள் வீட்டுக்கு வந்தாள். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் மாமா அந்தக் கதையைச் சொன்னார். ஆனால் அவர் சொன்ன கதையில் நான் இல்லை. "வழியில ஒரு ஆக்சிடென்ட். மறிச்சாங்க. நான்தான் நிக்காம போன்னு சொல்லிட்டேன்" என்று சொன்னார். மார்க்கெட்டிலும் அதையேதான் சொல்லியிருக்கிறார். அங்கே சும்மா விடுவார்களா? தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று ஒருவர், நிக்காமப் போறவன் மனுசனா அண்ணாச்சி என்று இன்னொருவர். மாமா தலையைக் குனிந்துகொண்டு மூட்டை ஏற்றினாராம். அம்மாகூட, "நீயாலே போகச் சொன்ன?" என்று ஆச்சரியப்பட்டுக் கேட்டாள். "ஆமாக்கா" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்மாவைக் காப்பாற்றியது நான், பேரைத் தட்டிக்கொண்டு போவது மாமாவா? ஒருநாள் பொறுக்க முடியாமல், "இல்லம்மா, நான்தான்..." என்று ஆரம்பித்தேன். மாமா இடையில் புகுந்தார். "ஏட்டி, நீ என் மடியில தூங்கிட்டில்லா வந்த. கனவு கண்டிருப்ப." நான் தூங்கவில்லை என்று அழுதேன். பயத்தில் பிள்ளை குழம்பிப் போயிருக்கிறது என்று அம்மா என் தலையைத் தடவினாள். அன்றைக்கு மாமாவோடு டூ விட்டேன். அந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று மட்டும் ஒரு தடவை கேட்டேன். "கால்ல லேசா அடி. எந்திரிச்சு உக்காந்து டீ குடிச்சாராம்" என்றார். வடையும் சாப்பிட்டாரா என்று கேட்டேன். சாப்பிட்டார் என்றார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, மார்க்கெட்டில் சரக்கு ஏற்றிக்கொண்டு ஆலங்குளம் பக்கம் போன மாமாவோடு நானும் டெம்போவில் தொற்றிக்கொண்டேன். டூ எல்லாம் டெம்போ சவாரிக்கு முன்னால் நிற்காது. மெயின்ரோட்டை விட்டு உள்ளே ஒரு சின்ன ஊர், கரண்டு எடுக்கிற பெரிய காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு வீட்டு வாசலில் பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மாமா பூசணிக்காயும் சேனைக்கிழங்கும் வாழையிலைக் கட்டும் இறக்கினார். "கல்யாண வீடா மாமா?" என்றேன். "ஆமா. வண்டியிலயே இரு" என்றார்.

நான் இருக்கவில்லை. வேப்பமரத்தடியில் ஒரு மொபெட் நின்றது. முன்சக்கரம் வளைந்திருந்தது. இதை ஏன் ரிப்பேர் பண்ணாமல் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, என் வயதுப் பெண் ஒருத்தி எனக்கு ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். நல்ல பிள்ளையாகத் தெரிந்தாள். என் வீட்டில் யாரும் நம்பாத கதையைச் சொல்ல எனக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது.

"எங்கம்மாவப் பாம்பு கடிச்சிட்டு. ஆம்புலன்ஸ்ல போனோம். நடுவுல நிப்பாட்டச் சொன்னாங்க. நான்தான் நிப்பாட்டாம போகச் சொன்னேன்."

அவள் என்னையே பார்த்தாள். "உங்கம்மா பொழச்சிட்டாங்களா?"

"பொழச்சிட்டாங்க."

அவள் தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திரும்பினால் மாமா நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. என்னை ஏசவில்லை. தூக்கி வண்டியில் உட்கார வைத்தார்.

அது என்ன வீடு என்று எனக்குத் தெரிய ஒன்பது வருஷம் ஆயிற்று. எங்கள் தெருவில் ஒரு பதினாறாம் நாள் விசேஷத்துக்கு இதே மாதிரி பந்தல் போட்டு, இதே மாதிரி நாற்காலி போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் மாமா கல்யாண வீடு என்று சொன்ன அந்த வாசல் ஞாபகம் வந்தது. அந்த மொபெட்டின் சக்கரம் ஏன் வளைந்திருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாமா அன்றைக்குக் குதித்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா, கதவைத் திறந்த கூட்டத்தில் அம்மா போயிருப்பாளா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சிஸ்டர் செய்தது சரி, டிரைவர் செய்ததும் சரி. நான் சொன்னது மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தச் சொல் எந்தக் காலத்திலும் என்மேல் வந்து விழக்கூடாது என்றுதான் மாமா ஊரெல்லாம் அதைத் தன்மேல் போட்டுக்கொண்டு திரிந்தார். அதை நான் எங்கே கொண்டுபோய்ச் சொன்னேன் என்று நினைத்தால் இன்றும் தூக்கம் போய்விடுகிறது. அந்தப் பெண்ணுக்கு அன்று எவ்வளவு புரிந்தது என்பது எனக்குத் தெரியாது.

அன்றைக்கு அந்த வீட்டிலிருந்து டெம்போவில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"கல்யாண வீட்டு வாசல்ல ஏன் மாமா வாழமரம் கட்டல?"

மாமா ரோட்டையே பார்த்துக்கொண்டு, "மார்க்கெட்ல வாழ கெடைக்கல பிள்ள" என்றார்.

பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் வாழை கிடைக்காத நாள் ஒன்று உண்டா? அன்று காலையில்கூட ஒரு கட்டு இலையை அவர் ஏற்றியதை நான் பார்த்திருந்தேன். ஆனால் எனக்கு அது தோன்றவில்லை. இவ்வளவு பெரிய மார்க்கெட்டில் இரண்டு வாழைமரம் வாங்கத் துப்பில்லாத இந்த மாமாவா எங்கள் அம்மாவைக் காப்பாற்றினார் என்று நினைத்து, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன்.