‘குடும்பத்தில் யாருக்காவது?’ என்று கேட்ட தாள்

புனேயில் ஹடப்சர் பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குள் நான் ஓடியபோது, வலது காலில் என் செருப்பும் இடது காலில் என் மனைவி சுமதியின் செருப்பும் இருந்தன. காவலாளி என் கால்களைப் பார்த்துவிட்டு, மனநலப் பிரிவு இரண்டாவது மாடி என்று வழிகாட்டினார். ஒரு வாரத்தில் அங்கேதான் போய் உட்காரப் போகிறோம் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

எங்கள் மகள் கீர்த்தனாவுக்குப் பதினாறு வயது. தோழிகளோடு கடக்வாஸ்லா அணைக்குப் போனவள் வாந்தியெடுத்து மயங்கி விழுந்திருந்தாள். “ரோட்டுக் கடையில காரமா மிசல் சாப்பிட்டிருப்பா, ஒத்துக்கலை” என்று சுமதியிடம் சொன்னேன். அதையே இந்தியில் நர்ஸிடமும், லிஃப்டில் நின்ற யாரோ ஒருவரிடமும் சொன்னேன்.

பணி மருத்துவர் ஒரே சொல்லில் முடித்தார்: மது. ஆஸ்பிரேஷன் (வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய்விடுவது) ஆகாமல் தப்பியிருக்கிறாள், நேரத்துக்குத் தூக்கிவந்த பிள்ளைகளுக்கு நன்றி சொல்லுங்கள் என்றார்.

நான் நன்றி சொல்லவில்லை. நீங்கள்தான் அவளைக் கெடுத்தீர்கள் என்று அந்த மூன்று பெண்களிடமும் வராந்தாவில் நின்று கத்தினேன். நனைந்த காலணிகளோடு நின்று கேட்டுக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் இரண்டாவது மாடியில் ஒரு தாள் கொடுத்தார்கள். ‘குடும்பத்தில் யாருக்காவது குடிப்பழக்கம் உண்டா?’ அழகான கையெழுத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். என் அப்பா ஐம்பத்திரண்டு வயதில் போனார். மஞ்சள் காமாலை என்பதுதான் கோயமுத்தூரில் எங்கள் வீட்டார் சொல்லும் காரணம். காமாலை எதனால் வந்தது என்று யாரும் கேட்டதில்லை. நான்? சனிக்கிழமை மட்டும். அதைக் கணக்கில் சேர்ப்பார்களா என்ன!

மனநல மருத்துவர் நடுவயது மராத்திப் பெண்மணி. எங்களுக்குப் புரியும்படி நிதானமான இந்தியில் கேட்டார், முதல் முறை எப்போது என்று.

“அன்றைக்குத்தான் டாக்டர். திறப்பு விழாவே இப்படி ஆகிவிட்டது” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

“நீ சொல்லு பேட்டா.”

கீர்த்தனா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்து, “ஞாபகம் இல்லை” என்றாள். என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. புரியாதவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

எடை பார்க்க அவளை வெளியே அனுப்பிவிட்டு மருத்துவர் சொன்னார்: “ஒருநாள் விளையாட்டு என்றால் அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடலாம். பழக்கம் என்றால் சிகிச்சையே வேறு. அவள் வாய் திறக்கவில்லை. உங்கள் தாளை நம்பித்தான் நான் முடிவெடுக்க வேண்டும்.”

சுமதி என் பக்கம் திரும்பினாள். “ஏனுங்க, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?”

“என்னத்தச் சொல்றது?”

“அந்த வீடியோவக் காட்டுங்க.”

ஃபோனில் தேடிக் காட்டினேன். மகர்பட்டாவில் எங்கள் வீட்டு ஹால். சனிக்கிழமை. நான்கு கோயமுத்தூர்க் குடும்பங்கள். எட்டு வயது கீர்த்தனா தன் காய்ச்சல் மருந்தின் அளவு மூடியால் கிளாஸ்களில் விஸ்கி ஊற்றுகிறாள். “மாமாவுக்கு அஞ்சு மூடி, பெரியப்பாவுக்கு ஆறு!” வேலை முடிந்ததும் மூடியின் அடியில் ஒட்டியிருப்பதை நக்கிக்கொள்ளச் சொல்லி, “இந்தா, உன் சம்பளம்” என்கிறது ஒரு குரல். அவள் முகத்தைச் சுளிக்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். அந்தக் குரல் என்னுடையது. உரத்த சிரிப்பும் என்னுடையதுதான். சொந்தக்காரர்கள் இருக்கும் வாட்ஸப் குழு ஒன்று விடாமல் அதை அனுப்பியிருந்தேன்.

“நானும் சிரிச்சனுங்க” என்றாள் சுமதி, என்னிடமா மருத்துவரிடமா என்று தெரியாமல்.

தாளைத் திரும்ப வாங்கி ‘இல்லை’யை அடித்தேன். மகளை உள்ளே அழைத்து, மாற்றி எழுதியதை அவள் முன்னாலேயே என்னைப் படிக்கச் சொன்னார் மருத்துவர். தாத்தாவின் கல்லீரல், என் சனிக்கிழமைகள், எட்டு வயது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். கல்லூரி மேடைகளில் மிமிக்ரி செய்த தொண்டை!

கேட்டு முடித்ததும் அவள் தன் உடைந்த தமிழில் சொன்னாள்: “நாலு மாசம் ஆச்சு. உங்க பாட்டில் தான். எடுத்துட்டு தண்ணி மிக்ஸ் பண்ணி வெச்சிடுவேன்.”

நான்கு மாதம் பாதித் தண்ணீரைக் குடித்து எனக்குப் போதை ஏறியிருக்கிறது.

“ஏன் கண்ணு?”

“தூக்கம் வர்லேன்னு சொன்னேன் ந. நீங்க மஸாக் பண்ணீங்க.”

ஆமாம், கேலிதான் செய்தேன். கணக்குப் புத்தகத்தைத் திற, தானாக வரும் என்றேன்.

மருத்துவர் விளக்கியதை, இதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்காக எழுதுகிறேன். ரத்த உறவில் குடிநோய் இருப்பது, சிறு வயதிலேயே ருசி காட்டப்படுவது, குடியைக் கொண்டாட்டமாகவே வீட்டில் பார்த்து வளர்வது, பிள்ளை மனம் திறக்கும்போது கேட்க ஆளில்லாமல் போவது. இவை எதுவும் தலைவிதி இல்லை. இவற்றோடு வளர்ந்தும் தொடாத பிள்ளைகள் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும். நான் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பரீட்சையில் நான் முழு மதிப்பெண் வாங்கிய ஒரே பாடம் இது.

அவளுக்கு வாராவாரம் கவுன்சலிங். நானும் குடியை நிறுத்தினேன். மூன்றாம் நாள் காபி டம்ளர் கையில் நடுங்கியது. அது விட்ராயல் (பழகிய போதை கிடைக்காமல் உடல் தவிப்பது) என்றார் மருத்துவர். சனிக்கிழமை மட்டும் குடிப்பவருக்கு இப்படி வராது என்றும் சொன்னார். என் வாரத்தில் எத்தனை சனிக்கிழமைகள் இருந்தன என்று அன்றுதான் எண்ணிப் பார்த்தேன். எனக்கும் நோயாளி என்று ஒரு தாள் போட்டார்.

ஐந்தாம் மாதம் அவளுக்கு ஒரு ரிலாப்ஸ் (விட்ட பழக்கம் திரும்புவது). அவளே வந்து சொன்னாள். அழுதது நான்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள்.

“அப்பா, இப்போ வேணும்போல இருக்கு.”

நாக்கு நுனிக்கு ஒரு ஜோக் வந்தது. பழைய ஆள் வேகமானவன். விழுங்கினேன். நெஞ்சு காதுக்குள் அடித்தது. என் உடம்பில் இத்தனை சத்தம் இருப்பது ஐம்பதை நெருங்கும்போதுதான் தெரிகிறது. இவ்வளவு காலம் நான் பேசியே அதை அமுக்கியிருக்கிறேன். ஈரத்துணி வாளியைத் தள்ளிவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

அந்த வேட்கை அலை மாதிரி ஏறி இறங்கும், பெரும்பாலும் அரை மணி நேரம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அரை மணி நேரம் எவ்வளவு நீளம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கீழே யாரோ காரைக் கழுவி முடித்து, துடைத்து, மறுபடி கழுவ ஆரம்பித்தார்கள்.

“போயிடுச்சா?”

“போகல. கம்மி ஆச்சு.”

“இருக்கட்டுமா?”

“இருங்க.”

இருந்தேன்.