கழட்டிய போர்டு

கல்லூரியில் கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு உதவுவது என் வேலை. ஆனால் முக்கால்வாசி நாள், ஒரு குறைபாடும் இல்லாத பெரியவர்களோடு மல்லுக்கட்டுவதில் போய்விடும். இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வாசலோடு சரி

அறை சின்னது, 'கற்றல் குறைபாடு உதவி மையம்' என்ற போர்டு பெரியது. ஒரு மாதம் ஈ ஓட்டினேன். பிறகு கோமதி வந்தாள், அதுவும் வாசல்வரை. நாமகிரிப்பேட்டைப் பெண், கடைசி வருட பி.காம். கேட்டால் எல்லாப் பதிலும் சொல்வாள். எழுத்துக்கூட்டி எழுதுவதற்குள் மணியடித்துவிடும். வணிகச் சட்டத்தில் மூன்று முறை அரியர். இந்த முறையும் போனால் படித்தது போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். உள்ளே வரச் சொன்னேன்.

"எல்லாரும் பாக்கறாங்க மேடம். போர்டக் கழட்டுங்க, நாளைக்கு வாரேன்."

சர்டிபிகேட்

கழட்டினேன், வந்தாள். அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளும், கூடுதலாக ஒரு மணி நேரமும் கிடைக்க டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். சேலம் போனோம். டாக்டர் கையெழுத்துப் போடும் நேரத்தில் கோமதியின் அம்மா என்னை ஓரங்கட்டினார். சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் வீட்டில் வரன் பேசுகிறார்களாம், அவர்களுக்குத் தெரிந்தால் என்னாவது என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தம்மாவின் பயமும் பொய்யில்லை.

"ஏனுங்க மேடம், பரீச்சை முடியற வரைக்கும் மட்டும் இந்தக் கொறை இருக்கற மாதிரி எழுதித் தரச் சொல்லுங்களே."

நாலு மணி நேரம்

சொல்லி எழுதுவது மற்றவர்களுக்குக் கேட்குமே என்று தனி அறை. எழுத வந்தவள் தாவரவியல் படிப்பவள். பாடம் தெரிந்தவர் எழுதக் கூடாது என்பது விதி. கண்காணிக்க வந்தவர், "சோம்பேறிக்கு எதற்குச் சலுகை" என்று ஸ்டாஃப் ரூமில் பொருமிக்கொண்டிருந்த கெமிஸ்ட்ரி பேராசிரியர். கொண்டப்பநாயக்கன்பட்டியில் அவர் கட்டும் வீட்டைக் காண்ட்ராக்டர் பாதியில் விட்டுப் போயிருந்தார். ஒப்பந்தத்தை மீறினால் என்னென்ன செய்யலாம் என்று கோமதி சொல்லச் சொல்ல, மனுஷன் நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாராம். முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"அந்தப் புள்ளயக் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க மேடம், எங்க ஊட்டு அக்ரிமெண்டக் காட்டோணும்."

மறுபடி வாசல்

கோமதி பாஸ். சொல்ல வந்தவள் இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. சங்ககிரி மாப்பிள்ளையிடம் சர்டிபிகேட் விஷயத்தை அவளே போனில் சொல்லிவிட்டாளாம். அவர், தன் தங்கையும் இப்படித்தான் என்றாராம்.

"போர்ட மாட்டிருங்க மேடம். அந்தப் புள்ள இங்கதான் சேருது, எந்த ரூமுன்னு தெரியோணுமில்ல."

கழட்டப் பத்து நிமிடமான போர்டைத் திரும்ப மாட்ட ஆபீஸில் அனுமதி வாங்க ஐந்து வாரமானதில், இந்தக் கல்லூரியில் கூடுதல் நேரம் யாருக்குத் தேவை என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது.