சார்ஜ் போடாதீர்கள், ஃபொலாரின் வேலை செய்கிறான்

மடிக்கணினியைத் தூக்கி, காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல அதன் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கிறான் ஃபொலாரின். "சூடு இல்ல. நல்லாத்தான் இருக்கான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பொரித்த வாழைப்பழத்தில் ஒரு துண்டை வாயில் போடுகிறான்.

இபாதான் நகரில் ஓர் ஒண்டுக்குடித்தன வீட்டின் நடைதான் அவனுக்கு அலுவலகம். அறைக்குள் தகரக் கூரை ஆளை வறுத்துவிடும். மடிக்கணினியின் வரைபடம் முதல் நிரல் வரை எல்லாமே ஊருக்குத் திறந்து வைத்தவை. உலகெங்கும் பலர் ஆசைக்காகச் சேர்ந்து செய்கிறார்கள், சம்பளம்தான் கிடையாது. ஆனால் அதன் பேட்டரி சரியான புளுகன். நாற்பது சதவீதம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த நொடியே மண்டையைப் போடும். அந்தப் புளுகை நிறுத்தும் டிரைவர் என்ற நிரலை ஃபொலாரின் எழுதி முடித்துவிட்டான். நிரூபிக்க வேண்டியதுதான் பாக்கி. "முழு சார்ஜிலிருந்து தானாக அணையும்வரை, நடுவில் ஒயர் படாமல் ஓடிய பதிவு வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் இந்த வெளியீட்டில் உன் டிரைவர் இல்லை" என்று எழுதிவிட்டாள் வெளிநாட்டிலிருக்கும் திட்டப் பொறுப்பாளர் ஹெல்கா.

அவளுக்கென்ன தெரியும்! இங்கே கரண்ட் எப்போதாவது எட்டிப் பார்க்கும். வந்ததும் தெருவே கூச்சல் போட்டு, அகப்பட்டதையெல்லாம் பிளக்கில் சொருகும். அடுத்தவர் போனையும் சேர்த்துச் சொருகினால்தான் நல்ல மனசு. வீட்டுக்காரி சிகிராத்தம்மாவுக்கு மனசு ரொம்பவே நல்லது. அவன் குளிக்கப் போன நேரத்தில் சார்ஜ் போட்டுவிட்டாள். மறுநாள் சார்ஜரைக் கால்சட்டைப் பையில் ஒளித்தான். அவள் தன் போன் சார்ஜரைப் போட்டாள். எந்த சார்ஜரும் இதற்குப் பொருந்தும் என்று வீடெல்லாம் பீற்றிக்கொண்டவன் அவன்தான்.

"அம்மா, அது சாகணும்மா! செத்தாத்தான் எனக்கு வேலை நடக்கும்!"

"வாயக் கழுவுடா! சொந்தப் பொட்டிய எவனாச்சும் சாகணும்னு சொல்லுவானா?"

ஃபொலாரினும் அவன் கணினி மாதிரிதான். கூப்பிட்டால் கண்ணைத் திறக்கமாட்டான். "தூங்கலம்மா, சக்தியச் சேமிக்கிறேன்" என்பான். சாப்பாட்டுத் தட்டின் சத்தம் கேட்டால் மட்டும் உடனே விழித்துவிடுவான். அப்படிப்பட்டவன் அன்று அமலாக் களி வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபோதுதான் சிகிராத்தம்மாவுக்கு விஷயம் உறைத்தது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அவளே முக்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துவிட்டாள். "யாரும் கிட்ட வராதீங்க. பாவம், இவன் பொட்டி நிம்மதியா சாகட்டும்!"

இரண்டு சதவீதம். ஃபொலாரின் நகத்தைக் கடித்தான்.

அப்போது பார்த்துத் தெரு அலறியது. கரண்ட்! மின்விசிறி சுழன்றது, பக்கத்து அறையில் ரேடியோ பாடியது. ஃபொலாரினின் கை, அவனைக் கேட்காமலே, பையிலிருந்த சார்ஜரை எடுத்துச் சுவரில் சொருகி, ஒயரின் மறுமுனையைக் கணினிக்குக் கொண்டுபோனது. அவனும் இந்த ஊரில் பிறந்தவன்தானே.

"டேய்!" சிகிராத்தம்மா அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். விடவில்லை. ஒரு சதவீதம். பூஜ்யம். பதிவு சேமிக்கப்பட்டது என்று திரையில் ஒரு வரி தோன்றியது. சொன்ன சொல் தவறாமல் கணினி அணைந்தது.

ஃபொலாரினுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் மணிக்கட்டை விட்டாள். அவன் விரல்களிலிருந்து ஒயரைப் பிடுங்கி, கணினியில் தானே சொருகினாள்.