மாவிஸ் மிஸ் காத்திருந்த மேடை

பிள்ளைகள் பார்க்க, பட்டப்பகலில், மாவிஸ் மிஸ்ஸின் பாடச் சாமான்களை அள்ளிக் கொண்டுபோய்ப் பின்வாசல் குப்பைத் தொட்டியில் கொட்டச் சொன்னான் பெம்பர்ட்டன். தலைமையாசிரியர் சொன்னால், கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் கேர்டேக்கர் செய்யத்தான் வேண்டும். டெஸ் கிளெக் செய்தான். அந்தக் கசப்பு அவனுக்கு இன்னும் போகவில்லை.

மாவிஸ் ஆக்ராய்ட் எடுத்தது உடம்பு, மனசு, ஓட்டு, சட்டம் எல்லாம் சேர்ந்த பாடம். பரீட்சை கிடையாது. அதனால் இங்கிலாந்தில், லங்காஷயரின் அந்தப் பள்ளிக்கூடத்தில், யாருக்கு நேரம் காலியோ அவர் தலையில் அதைக் கட்டிவிடுவார்கள். கேட்டு வாங்கி எடுத்தவர் மாவிஸ் ஒருவர்தான். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்துகொள்வார்.

ஒருநாள் ஒரு பெண், அவசரத்துக்குப் போடும் கருத்தடை மாத்திரை எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். "பஸ் ஸ்டாண்டு பக்கத்து மருந்துக்கடையில. வெக்கப்படாம கேளு" என்றார் மாவிஸ். நிர்வாகக் குழுவில் இருந்த ஒரு தகப்பன் குதித்தான். "இப்படி ஒரு பாடம் நடக்கிறதே எனக்குத் தெரியாது" என்று கையை விரித்தான் பெம்பர்ட்டன்.

தெரியாதா? முந்தின வருஷம் இதே வகுப்பில் வந்து உட்கார்ந்து, இதே பதிலைக் கேட்டு, "இப்படித்தான் மாவிஸ் சொல்லணும்" என்று கைகுலுக்கிப் போனவன். வகுப்பறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைத் திருகிக்கொண்டிருந்த டெஸ் காதால் கேட்டது அது.

பாடச் சாமான்கள் குப்பைத் தொட்டிக்குப் போயின, பாடம் பி.டி. மாஸ்டருக்குப் போனது. அவர் படம் போட்டுவிட்டுத் தூங்கினார். மாவிஸை, அடங்காத பிள்ளைகளைப் பேசவிடாமல் உட்காரவைக்கும் அறைக்குக் காவல் வைத்தார்கள். பேசவைத்தே பழகியவருக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேறில்லை.

"அவன் கார் ஹீட்டருக்குள்ள நாலு இறாலைப் போட்டுடவா மிஸ்? கோடை முழுக்க நாறும்."

"நாத்தம் போயிடும் டெஸ். எனக்குப் போகாதது வேணும்."

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம். யார் விடைபெற்றாலும், இருப்பவர்களில் அதிக வருஷம் வேலை பார்த்தவர் எழுந்து நாலு வார்த்தை பேச வேண்டும். மாவிஸுக்கு மூத்தவர்கள் இருவர் இருந்தார்கள். இருவரும் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஸ்பெயின் வெயிலுக்குப் போய்விட்டார்கள். மாவிஸ் போகவில்லை. வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்ன பிறகும் போகவில்லை. தலைமுடி கொட்டியது, விக் வைத்துக்கொண்டு வந்தார். மாடிப்படியில் நின்று நின்று ஏறினார்.

"உடம்பைப் பாருங்க மாவிஸ். இப்பவே ஓய்வு வாங்கிக்கலாமே" என்றான் பெம்பர்ட்டன்.

"முதல்ல நீங்க போங்க சார். நான் பின்னாடியே வர்றேன்."

அவன் அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டான். தன்னை வழியனுப்பிப் பேசப்போவது மாவிஸ்தான் என்று, ஓய்வுபெறுகிற வாரத்தில்தான் அவனுக்கு உறைத்தது. உடம்பு முடியாதவரை எதற்குச் சிரமப்படுத்துவது, வேறு யாராவது பேசட்டும் என்றான். ஆசிரியர் அறையே எதிர்த்து நின்றது. வழக்கம் வழக்கம்தான்.

"நாற்காலியை வட்டமாப் போடு டெஸ்" என்றார் மாவிஸ். போட்டான்.

நிர்வாகக் குழு, ஆசிரியர்கள், சமையலறைப் பெண்கள் எல்லோரும் டீயும் சாசேஜ் ரோலுமாக வந்து உட்கார்ந்தார்கள். மாவிஸ் எழுந்தார். விக் கொஞ்சம் கோணலாக இருந்தது.

"என் வகுப்புக்கு மூணு சட்டம். பேசுறவங்களை இடைமறிக்கக் கூடாது. யார் பேரையும் சொல்லக் கூடாது. பதில் சொல்லப் பிடிக்கலைன்னா 'பாஸ்'னு சொல்லலாம்."

அவரிடம் படித்து, இப்போது அங்கேயே வேலை பார்க்கும் சிலர் சிரித்தார்கள்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்" என்று ஆரம்பித்தார் மாவிஸ். கைகுலுக்கியதைச் சொன்னார். கையை விரித்ததைச் சொன்னார். குப்பைத் தொட்டியைச் சொன்னார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஒரு பெயர்கூட வரவில்லை. சிரிப்பு நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

"அவருக்குத் தெரியுமா, தெரியாதா? சார், நீங்க சொல்லுங்க."

பெம்பர்ட்டன் டையில் ரோல் துணுக்கு ஒட்டியிருந்தது. தெரியாது என்று சொல்ல வாயெடுத்தவன் கண்ணில், கதவோரம் கைகட்டி நின்ற டெஸ் பட்டான்.

"பாஸ்" என்றான்.

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கலை சார்."

"பாஸ்!"

"நன்றி. உட்காருங்க" என்றார் மாவிஸ். அவன் எழுந்திருக்கவே இல்லை.

குளிர் தொடங்கியபோது மாவிஸ் கடைசிக்கால மருத்துவமனையில் கிடந்தார். டெஸ் டீ ஆற்றிக் கொடுத்தான்.

"இப்ப மன்னிச்சிட்டீங்களா மிஸ்?"

"அவன் கேக்கவே இல்லையே." ஒரு வாய் குடித்தார். "என் சாவுக்குப் பெரிய மலர்வளையம் அனுப்புவான் பாரு. 'அருமைத் தோழி'னு அட்டை வேற தொங்கும். என் பெட்டிமேல அது ஏறக் கூடாது."

"வேறெங்க வைக்கிறது?"

"பின்வாசல் தொட்டி இன்னும் இருக்கில்ல? அதுல போடு. பட்டப்பகல்ல போடணும் டெஸ். பிள்ளைங்க பார்க்கப் போடு."