வடிவு கட்டிய வேப்பிலை

மாரியம்மன் கோயில் வாசலில் தொங்கிய வேப்பங்கொத்தைச் சண்முகவடிவு பட்டப்பகலில்தான் அவிழ்த்தாள். பார்க்க ஆள் இல்லை. கொரோனாவுக்காகப் பயணத்தடை போட்டதிலிருந்து கோயில் பூட்டிக் கிடந்தது. வட்டகொடைத் தேயிலை மலைக் குளிரில் வேம்பு வளராது. திருவிழாவுக்குக் கீழ்நாட்டிலிருந்து வந்த கொத்து அது, பாதி காய்ந்திருந்தது. முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு வந்து லயத்து வரிசையில் இருந்த தன் காம்பரா அறையின் வாசல் நிலையில் செருகினாள். ஆத்தாவிடம் மன்னிப்புக் கேட்கக்கூட அப்போது அவளுக்கு வாய் வரவில்லை.

உள்ளே அவள் புருஷன் சின்னராசா கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை. கடையை மூடியதும் மரக்கறி லொறியில் மூட்டைகளுக்கு நடுவே ஒளிந்து ஊர் வந்து சேர்ந்தவன். வந்த சூட்டிலேயே காய்ச்சல், இருமல். முந்தின இரவு கருவாட்டுக் குழம்பைப் பக்கத்தில் வைத்தும் வாசம் தெரியவில்லை என்றான். அது கொரோனாதான் என்று வடிவுக்குப் புரிந்துவிட்டது.

"சுகாதாரத்துப் பி.எச்.ஐ. ஐயாவுக்குச் சொல்லிரவா?" என்று அப்போதே கேட்டாள்.

"சொல்லு. கொண்டுபோய் எரிச்சிட்டுச் சாம்பலக் குடுப்பாங்க. வாங்கி வச்சுக்க."

அவன் சொன்னது கண்முன்னே நடந்ததுதான். தோட்டத்தின் மேல் டிவிஷன் றோலண்ட் கொரோனா கண்டு, தன் காலால் நடந்து போய்த்தான் ஆம்புலன்ஸில் ஏறினான். திரும்பி வரவில்லை; கொரோனாவில் செத்தவர்களை அரசாங்கமே எரித்துக்கொண்டிருந்தது. இந்த மலையில் செத்தவர்களைத் தேயிலைக்குள்ளேயே புதைத்துப் பழக்கம். ஒப்பாரி வைக்கவும் விளக்குக் கொளுத்தவும் ஓர் இடம் இருக்கும். றோலண்டின் மனைவி சிசிலிக்குக் கிடைத்தது போனில் வந்த ஒரு படம்தான். மூடிய பெட்டி, பக்கத்தில் வெள்ளைக் கவச உடுப்பில் யாரோ. பெட்டிக்குள் இருந்தது தன் ஆள்தானா என்று அவள் காண்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தாள். அதன் பிறகு போனில் ஒரு குரல் சுற்றியது. நர்ஸ் ஒருத்தி பேசுவதாம். ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் விஷ ஊசி போட்டு முடித்துவிடுகிறார்களாம், வீட்டிலேயே வைத்துக் கசாயம் கொடுங்கள் என்றாள். காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிடும்வரை பெண்கள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். சிசிலியைக் கண்ணால் பார்த்த வடிவுக்கு அந்தக் குரலைச் சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லை.

ஆனால் லயத்தில் இருமலை மறைக்க முடியாது. ஒரு காம்பராவில் தும்மினால் அடுத்த காம்பராவில் ஆயுசு நூறு என்பார்கள். அம்மை கண்ட வீட்டை மட்டும் யாரும் துருவிக் கேட்பதில்லை. டாக்டரிடம் காட்டு என்று ஒருவர் வாயிலும் வராது. அதற்காகத்தான் வேப்பிலை.

சாயங்காலத்துக்குள் லயம் அடங்கிவிட்டது. எந்த அடுப்பிலும் கறி இல்லை, தாளிப்பு இல்லை. பக்கத்துக் காம்பரா ஷாமிலா மோர்ச் சொம்பை வாசலில் வைத்துவிட்டு எட்டி நின்றாள்.

"முத்து எங்கக்கா போட்டிருக்கு?"

"முதுகு பூரா."

"அண்ணன் இப்புடி இருமுறாரே?"

"உள்ளுக்கு இறங்கியிருக்குடி. ஆத்தா செயல்."

ஷாமிலாவின் மாமனார் செல்லசாமி பின்னாலேயே வந்தார். வயதாகி வேலையிலிருந்து பேர் வெட்டி வீட்டோடு இருக்கும் பழைய கங்காணி. அம்மன் பாட்டுப் படிக்க அந்தத் தோட்டத்தில் அவரை விட்டால் ஆள் இல்லை. குளித்து, ஈர வேட்டியோடு நேராக உள்ளே வந்தவர் சின்னராசாவின் தலைமாட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"மாமா, வேணாம். தள்ளி இருங்க," என்றாள் வடிவு.

"ஏன்டி, ஆத்தாகிட்ட எனக்கு என்ன பயம்? அவ வந்து உக்காந்த லயத்துக்குள்ள இந்தக் கொரோனா கால் வைக்குமா? வச்சா ஒடிச்சிருவா."

இன்னொரு தடவை தடுத்தால் ஏன் என்று கேட்பார். வடிவு அடுப்படிப் பக்கம் போய்விட்டாள். அவர் வாய்விட்டுப் படித்தார். முடித்ததும் தலைமாட்டு மஞ்சள் தண்ணீரில் ஒரு வாய் குடித்தார். மறுநாளும் வந்தார்.

கொரோனா அண்டாது என்று அவர் சொன்னதை ஷாமிலா போனில் தன் அக்காவிடம் சொன்னாள். அக்கா யாரிடம் சொன்னாளோ, அடுத்தடுத்த லயங்களிலிருந்து போத்தல்களோடு ஆட்கள் வந்து வாசலில் குவிந்தார்கள். ஆத்தா தண்ணீர் குடித்தால் தடுப்பூசியே வேண்டாமாம். தலைமாட்டுத் தண்ணீரில் நோய் இருக்குமென்று வடிவு அடுப்படியில் வேறு தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து ஊற்றிக் கொடுத்தாள். கை நடுங்கியது. ஆத்தா அவள்மேலும் இறங்கப்போகிறாள் என்று அதற்கும் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அன்று மத்தியானம், செல்லசாமி தலைமாட்டில் படித்துக்கொண்டிருக்கும்போதே, சின்னராசாவுக்கு மூச்சு இரைத்தது. பேசப் பார்த்தான், வார்த்தை பாதியில் நின்றது. உதடு நாவல்பழம் தின்றதுபோல் கறுத்திருந்தது. சிசிலி, பெட்டி, நர்ஸின் குரல் எல்லாம் வடிவின் தலையிலிருந்து கழன்று போயின. இவன் இங்கேயே செத்துப்போவான் என்பது மட்டும் தெரிந்தது. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். லயம்வரை ஏற முடியாது, பெக்டரி ரோட்டுக்குக் கொண்டு வாருங்கள் என்றார்கள்.

வாசலுக்கு ஓடி வந்தாள். "யாராவது வாங்க, ரோடு வரைக்கும் தூக்கணும்!"

ஒருவரும் அசையவில்லை. "ஆத்தா இருக்கிற ஒடம்ப வெளிய எடுக்கக் கூடாதும்மா," என்றான் ஒருவன். "தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் பொறுத்துக்க. தெய்வக் குத்தமாயிரும்."

"அம்மை இல்ல!" என்று கத்தினாள் வடிவு. "ஆத்தா வரல. கொரோனா. நான்தான் பொய் சொல்லி வேப்பிலை கட்டினேன்."

ஒரு போத்தல் கீழே விழுந்தது. "அடிப் பாவி" என்றபடி கூட்டம் கலைந்து ஓடியது. கதவுகள் சாத்தப்பட்டன. "என் புள்ளைக்கும் அந்தத் தண்ணியக் குடுத்தேனேடி!" என்று ஷாமிலா மண்ணை வாரித் தூற்றினாள்.

செல்லசாமி மட்டும் தலைமாட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. வடிவின் பக்கம் திரும்பினார்.

"இந்த மாதிரிப் பொய் சொல்ல உனக்கு எப்புடிடி மனசு வந்துச்சு?"

"எரிச்சிருவாங்கன்னு பயந்துட்டேன் மாமா."

"ம். கம்பளியோட அந்த முனையைப் பிடி."

"நீங்க வேணாம் மாமா!"

"இனிமே என்னத்த வேணாம்? பேர் வெட்டின ஆளுக்கு எந்தக் கணக்கப்புள்ள வந்து வேலைய நிறுத்தப் போறான். தூக்கு."

இரண்டு பேரும் கம்பளியில் கிடத்தி, சறுக்குப் படிகளில் வழுக்கி விழுந்து எழுந்து, பெக்டரி ரோடு சேர்ந்தார்கள். ஆம்புலன்ஸ்காரன் ஒட்சிசன் குழாயை மாட்டிக்கொண்டே, இத்தனை நாள் எங்கே வைத்திருந்தீர்கள் என்று சிங்களத்தில் ஏசினான். வடிவை ஏற்றவில்லை. கதவு மூடியதும் செல்லசாமி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து இருமினார். மேட்டிலிருந்து தூக்கி வந்த களைப்பாக இருக்கும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பரிசோதனைக்கு ஆட்கள் வந்தபோது அந்த லயத்தில் பாதிப் பேருக்குக் கொரோனா இருந்தது. ஷாமிலாவின் பிள்ளை வெறும் காய்ச்சலோடு தப்பிவிட்டது. செல்லசாமியை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஷாமிலாவின் போனுக்கும் ஒரு பெட்டியின் படம் வந்தது.

சின்னராசா பிழைத்து வந்தான். சட்டை தோளில் நிற்காத அளவுக்கு மெலிந்திருந்தான். தன்னைச் சுமந்தது யார் என்று அவனுக்கு நினைவே இல்லை. வடிவு ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். அவன் எழுந்து சட்டையை மாட்டினான்.

"எங்க போறீங்க?"

"ஷாமிலா வீட்டுல கேதம் கேக்க. வேற எங்க போவேன்?"

அவளும் பின்னால் போனாள். ஷாமிலா கதவைத் திறந்தாள். சின்னராசாவைக் கண்டதும் முகம் கோணிக்கொண்டு வந்தது.

"நீங்க வாங்கண்ணே. அவ வரக் கூடாது."

சின்னராசா திரும்பி மனைவியைப் பார்த்தான். பிறகு தலை குனிந்து உள்ளே போனான்.

"நான் வெளியவே நிக்கிறேன் ஷாமிலா," என்றாள் வடிவு.

"நில்லு. மாமா மூஞ்சிய நாங்களுந்தான் பாக்கல. நின்னு கேட்டுட்டுப் போ."

உள்ளே ஒப்பாரி தொடங்கியது. மழை பிடித்தது. வடிவு முந்தானையைத் தலைக்குப் போடாமல் அங்கேயே நின்றாள்.