பலகையில் நின்ற வசனம்

எங்கடை ஊர் வாசிகசாலையிலை பின்னேரங்களிலை இங்கிலிஷ் வகுப்பு நடக்கும். கனடாவிலை இருக்கிற என்ரை மனுசனிட்டைப் போறதெண்டால் நாலு சொல்லு கதைக்கத் தெரியவேணுமே, நாற்பது வயசிலை நானும் போய் வாங்கிலை குந்தினன். வாத்தியாருக்கு ஒரு பழக்கம். ஆர் திறமான வசனம் சொன்னாலும் அதைப் பலகையிலை எழுதி, கீழை பேரையும் போடுவார். அடுத்த வகுப்பு வரும் வரைக்கும் ஒருத்தரையும் அழிக்க விடார்.

அண்டைக்கு அவர் தந்தது 'அஃப்ரெய்ட் டு ஸ்பீக் அவுட்'. வாய் திறந்து சொல்லப் பயப்படுறது எண்டு விளக்கினார்.

"உங்கடை சொந்த வாழ்க்கையிலையிருந்து சொல்லுங்கோ பாப்பம்."

மாமியாருக்குப் பயம், அதிபருக்குப் பயம் எண்டு எல்லாரும் சப்பெண்டு சொல்லிச்சினம். என்ரை வாய் சும்மா கிடக்குமே? எழும்பி, "வீ ஆர் அஃப்ரெய்ட் டு ஸ்பீக் அவுட் அபௌட் த சாண்ட் டிப்பர்ஸ்" எண்டன். கடலோரத்து மண்ணைக் களவா அள்ளிக்கொண்டு எங்கடை ஒழுங்கையாலை பறக்கிற டிப்பர்களை ஊரிலை ஆருக்குத்தான் தெரியாது! மற்றவை எல்லாரும் குனிஞ்சு கொப்பியைப் புரட்டிச்சினம். வாத்தியார் மட்டும், "நூற்றுக்கு நூறு சரி!" எண்டு பலகையிலை எழுதினார். கீழை என்ரை பேர். எனக்கெண்டால் பெரிய புழுகம், நெஞ்சை நிமித்திக்கொண்டு வீட்டை போனன்.

காலமையிலை அதே மண்டபத்திலைதான் ஊர்ச்சனம் பேப்பர் பாக்கிறது. அந்த நினைப்பே எனக்கு வரேல்லை.

அடுத்தநாள் மத்தியானம் சந்திக் கடையிலை சீனி வாங்கேக்கை, மண் முதலாளியின்ரை ஆள் ஒருத்தன் பக்கத்திலை வந்து நிண்டான்.

"அக்கா இப்ப நல்லா இங்கிலிஷ் கதைக்கிறியளாம்," எண்டு சிரிச்சான். "மகள் ரியூசன் முடிஞ்சு தனியவோ வாறவ?"

சீனியைக் கடையிலேயே விட்டிட்டு ஓடினன். ரியூசன் விடமுன்னமே போய் நிண்டன். ரீச்சருக்குச் சுகமில்லையாம், பிள்ளையளை வெள்ளனவே அனுப்பிப்போட்டினமாம். ஐயோ கடவுளே எண்டு வீட்டை ஓடிவந்தால், படலையடியிலை அவன்ரை மோட்டச்சைக்கிள் நிக்குது. பின்னாலை என்ரை பத்து வயசுப் பிள்ளை, கையிலை ஐஸ்பழம்.

"வெயிலுக்குள்ளை நடந்து வந்தவ, அதுதான் ஏத்திக்கொண்டு வந்தனான், அக்கா."

"பெரிய உபகாரம், தம்பி," எண்டுது என்ரை நாசமாப்போன வாய்.

அவன் போனாப்பிறகு மகள் துள்ளிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, அந்த மாமா எனக்கு ஒரு இங்கிலிஷ் வசனம் பாடமாக்கித் தந்தவர்."

நிமிந்து நிண்டு சொன்னாள். என்ரை வசனம்தான். ஒரு சொல்லும் தவறேல்லை.

"சரியோ, அம்மா?"

"ஓம், பிள்ளை. சரி," எண்டு சொல்லி, படலைக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினன்.